திருச்சபைப் பதிப்பகத்தை நடத்துவதா, மூடுவதா? முதலில் பீரோவைத் திறந்து பாருங்கள்

ஆலய அலுவலகங்களில் பெரும்பாலும் ஒரு இரும்பு பீரோ இருக்கும். மேல்தட்டில் திருமுழுக்குப் பதிவேடுகள். கீழ்த்தட்டில் கட்டுப் பிரிக்காத புத்தகங்கள்: எந்தப் பங்குத்தந்தை காலத்திலோ போட்ட நவநாள் கையேடு, வெள்ளிவிழா மலர், போதகர் ஒருவரின் லெந்துகாலச் செய்திகள், பாடத்திட்டம் மாறிப்போன ஞாயிறு பள்ளிப் புத்தகம். வெளியீட்டுப் பணி இனி தேவையா என்று கமிட்டியில் பேச்சு வரும்போது அந்த பீரோவை யாரும் திறப்பதில்லை. "இப்ப யாரு சார் படிக்கிறாங்க" என்று முடித்துவிடுகிறார்கள். படிப்பவர்கள் குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் பணம் முடங்கிக் கிடக்கும் இடங்கள் மூன்று: விற்காத பிரதி, உரிமை யாரிடம் என்று தெரியாத நூல், திறக்க முடியாத கணினிக் கோப்பு. இந்த மூன்றையும் பார்க்காமல் எடுக்கும் முடிவு எதுவானாலும் அது ஊகம்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வெளியீடுகள் பல ஓடைகளிலிருந்து வந்து சேர்ந்தவை. மிசௌரி லூத்தரன் மிஷன் 1895-ல் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கியது. சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி கத்தோலிக்க மறைமாவட்டம் 1997-ல் உருவானது. இவற்றோடு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சேகரங்களும் பெந்தெகொஸ்தே சபைகளும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாட்டுப்புத்தகம், தனி வேதாகம மொழி. ஆகவே "எல்லோருக்கும் பொதுவாக ஒரு புத்தகம்" என்ற யோசனை இங்கே எடுபடாது. ஒவ்வொரு நூலின் சந்தையும் சிறியது என்று ஒப்புக்கொண்டுதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

பீரோவை எண்ணுவது

இரண்டு பேர், ஒரு சனிக்கிழமை போதும். ஒரு நோட்டில் ஆறு பத்தி போடுங்கள்: நூலின் பெயர், அச்சிட்ட ஆண்டு, அச்சிட்ட பிரதிகள், கையிருப்பு, கடந்த 12 மாத விற்பனை, நிலை. இலவசமாகக் கொடுத்ததை விற்பனையில் சேர்க்காதீர்கள். ஆயர் வருகைக்கு 50 பிரதி பரிசாகப் போயிருந்தால் அது செலவு.

பிறகு கையிருப்பை ஆண்டு விற்பனையால் வகுங்கள். 420 பிரதி இருக்கிறது, வருடத்துக்கு 30 போகிறது என்றால் 14 வருடச் சரக்கு. அதற்குள் தாள் பழுத்துவிடும், அல்லது ராமபாணப் பூச்சி முந்திக்கொள்ளும். ஐந்து வருடத்துக்கு மேல் வரும் எதையும் விலை வைத்துக் காத்திருக்க வேண்டாம். 20 பிரதியை எடுத்து வைத்துவிட்டு மீதியை விடுதிகள், பள்ளி நூலகங்கள், கிளைச் சபைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். கரையான் ஏறிய கட்டைப் பழைய பேப்பருக்குப் போடத் தயங்காதீர்கள். அது பக்கத்துக் கட்டையும் கெடுக்கும். மீதமிருப்பதைத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில், சுவரை விட்டு ஒரு அடி தள்ளி அடுக்குங்கள். மழைக்காலத்தில் சுவர் ஈரம் நேராகத் தாளுக்குள் இறங்கும்.

உரிமைக் கடிதம் உண்டா?

இதைத் தள்ளிப்போட்டவர்கள்தான் அதிகம் சிக்கலில் மாட்டுகிறார்கள். போதகர் ஐயர் எழுதினார், சபை அச்சிட்டது, ஆகவே சபைக்குச் சொந்தம் என்பது நம் வழக்கம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். கடிதத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வேறு ஏற்பாடு எழுதப்படாதபோது, ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகிவிடும். அதாவது "என் நூலை வெளியிட சம்மதிக்கிறேன்" என்று 2005-ல் வாங்கிய இரண்டு வரிக் கடிதத்தை வைத்து இன்று மறுபதிப்போ மின்னூலோ போட முடியாது.

புதுக் கடிதத்தில் இவை இருக்கட்டும்: அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக, எத்தனை வருடம், எந்தெந்த நாடு, எழுத்தாளருக்கு எத்தனை பிரதி அல்லது எத்தனை சதவீதம். எழுத்தாளர் மறைந்துவிட்டால் எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் தேவை. மூத்த மகன் ஒருவர் மட்டும் போட்டுக் கொடுப்பது பின்னால் தகராறாகும்.

எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 வருடம் வரை உரிமை நீடிக்கும். 1960-ல் மறைந்தவரின் நூல் 2021 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864-லும் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1900-லும் மறைந்தவர்கள். அவர்கள் படைப்பை யாரும் போடலாம். ஆனால் பின்னால் ஒருவர் எழுதிய உரை, முன்னுரை, குறிப்பு ஆகியவை அவருக்கு உரியவை. ஸ்கேன் எடுத்து அப்படியே அச்சிடுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

வேதாகம வசனத்திலும் இதே கவனம் வேண்டும். கத்தோலிக்க வெளியீடு என்றால் 1995-ல் வந்த திருவிவிலியம், மற்றவர்களுக்குப் பழைய மொழிபெயர்ப்பு. பக்கத்துக்குப் பக்கம் வசனம் வரும் நூல் என்றால் உரிமையாளருக்கு எழுதி அனுமதி வாங்குங்கள், எந்த மொழிபெயர்ப்பு என்பதை உரிமைப் பக்கத்தில் போடுங்கள். ஒரே நூலில் இரண்டும் கலந்துவிடாமல் பாருங்கள். ஒரு பக்கத்தில் "சங்கீதம் 23", அடுத்த பக்கத்தில் "திருப்பாடல்கள் 23", இங்கே "கர்த்தர்", அங்கே "ஆண்டவர்" என்றிருந்தால் புத்தகம் இணையத்தில் அள்ளிக் கோத்தது என்று மறைக்கல்வி ஆசிரியர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

பழைய கோப்பைத் திறப்பது

2000-ஐ ஒட்டிய வருடங்களில் தட்டச்சான நூல்கள் பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில், பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். இன்றைய கணினிகளின் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பேஜ்மேக்கருக்குத் தெரியாது. கோப்பைத் திறந்து, உரையை மட்டும் வெளியே எடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்க வேண்டும். எந்த எழுத்துரு என்று தெரியாமல் மாற்றினால் குப்பைதான் வரும். ஒரு பத்தியை மட்டும் முதலில் மாற்றிப் பாருங்கள்.

பாமினியில் உள்ள ஒரு வில்லங்கம்: அதில் ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில் "இ" இருக்கிறது, அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்துப் புள்ளி. நடுவில் ஆங்கிலச் சொல்லோ வேறு எழுத்துருவில் அடித்த வசன எண்ணோ இருந்தால், மாற்றியபின் "யோவான் 3:16, 17" என்பது "யோவான் 3:16இ 17" என்று வந்து நிற்கும். கண் இதைத் தாண்டிப் போய்விடும். ஆகவே எண்ணுக்குப் பின் "இ" வரும் இடங்களை மட்டும் தனியாகத் தேடித் திருத்துங்கள். அடுத்தது கொம்பு. பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பின்னால் அடிப்பார்கள், யூனிகோடில் அது தலைகீழ். மாற்றி தடுமாறிய இடத்தில் புள்ளி வட்டத்தோடு கொம்பு தனியாகத் தொங்கும். "கௌ" என்பது "கெ"யும் "ள"வும் தனித்தனியாக வந்திருப்பதையும் தேடுங்கள். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது.

இன்டிசைன் மென்பொருளில் பக்கம் அமைக்கும்போது பத்தி அமைப்பில் "வேர்ல்ட் ரெடி" கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் துணைக்காலும் இடம் மாறும். வேலை தொடங்கும் முன் "கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ" என்று ஒரு வரி அடித்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. 200 பக்கம் ஓட்டியபின் கண்டுபிடித்தால் இரண்டு வாரம்.

கோப்பே இல்லை, புத்தகம் மட்டும்தான் என்றால் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து எழுத்துணரியில் (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருள்) போடலாம். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவை பழைய வடிவத்தில் இருக்கும். தும்பிக்கை போட்ட அந்த "லை"யை எழுத்துணரி வேறு எதுவாகவோ வாசிக்கும். பழைய ஞானப்பாட்டுப் புத்தகம் என்றால் கையால் அடிப்பதே சில சமயம் சீக்கிரம் முடியும். மெய்ப்பு பார்க்க இருவர் வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் திரையைப் பார்க்க வேண்டும். பாட்டை ராகம் தெரிந்தவர் படித்தால் விட்டுப்போன அடி உடனே காதில் இடறும்.

எத்தனை பிரதி?

"ஆயிரத்துக்குக் குறைந்தால் கட்டாது" என்று அச்சகத்தில் சொல்வார்கள். அவர்களுக்குக் கட்டாது என்பது சரி. உங்கள் கணக்கைத் தனியாகப் போடுங்கள். 96 பக்க டெம்மி (வழக்கமான புத்தக அளவு) நூலுக்கு ஆஃப்செட் அச்சகம் பிளேட், மெஷின் செட்டிங், அட்டை எல்லாம் சேர்த்து மாறாத செலவு 18,000 ரூபாய், அதற்கு மேல் பிரதிக்கு 28 ரூபாய் என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். டிஜிட்டலில் மாறாத செலவு இல்லை, பிரதிக்கு 70. இரு முறைகளிலும் பிரதி விலையில் உள்ள வித்தியாசம் 42. 18,000-ஐ 42-ஆல் வகுத்தால் சுமார் 430. அதற்குக் கீழே டிஜிட்டல், மேலே ஆஃப்செட். உங்களுக்கு வந்த விலையை வைத்து இதே வகுத்தலைச் செய்யுங்கள்.

1,000 போட்டால் ஒன்று 46 ரூபாய்க்கு அடங்குகிறதே என்று மனசு இழுக்கும். ஆனால் 300 தான் விற்கும் என்றால், 46,000 ரூபாய் போட்டு 300 புத்தகம் விற்றதாக ஆகிறது. விற்ற பிரதி ஒன்றுக்கு 153 ரூபாய்க்கு மேல். டிஜிட்டலில் 21,000-த்தோடு முடிந்திருக்கும். பீரோ நிறைவது இந்த ஒரு கணக்கில்தான்.

தாளையும் நீங்களே கணக்கிட்டுக்கொண்டு போங்கள். 23×36 அங்குலத் தாள் ஒன்றில் டெம்மி எட்டில் 32 பக்கம் வரும். 96 பக்கத்துக்கு மூன்று தாள். 500 பிரதிக்கு 1,500 தாள், அதாவது மூன்று ரீம். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாள் ரீம் ஒன்று ஏறத்தாழ 18.7 கிலோ. கழிவுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 60 கிலோவுக்குள் அடங்கும். விலைப்பட்டியலில் 85 கிலோ என்றிருந்தால் கேள்வி கேட்கலாம். பக்கங்களை 16-ன் மடங்கில் வையுங்கள். 98 பக்கம் என்றால் இரண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் (ஒரே தடவையில் அச்சாகும் பக்கத் தொகுதி) ஓடும். முன்னுரையைச் சுருக்குங்கள். ஆசியுரை நான்கு பேரிடம் வாங்குவது நம் பழக்கம். செலவு அங்கேதான் ஏறுகிறது.

புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஆறுதலாகத் தெரியும். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் அச்சுத்தாளுக்கு 18 சதவீதம். விற்பனையில் வரி இல்லாததால் தாளுக்குக் கட்டியதைக் கழிக்க வழியில்லை. விலைப்பட்டியலை வரியோடு சேர்த்தே கேளுங்கள். தாளும் எழுத்தும் என்றும் இந்தத் தொழிலின் தலைவலிதான். தரங்கம்பாடியில் 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தவர்கள் தாள் போதாமல் எழுத்தைச் சிறிதாக வார்த்தார்கள், பொறையாறில் காகித ஆலையே வைத்தார்கள்.

சொந்த அச்சு இயந்திரம் வைத்திருக்கும் சபைகள் அதை விற்றுவிடலாம். மாதத்தில் நான்கு நாள் ஓடும் மெஷினுக்கு முழுநேர ஆள் சம்பளம் கட்டுபடியாகாது.

பாட்டுப்புத்தகம்: பைண்டிங்கில் கஞ்சம் வேண்டாம்

திரையில் பாட்டு வரிகள் வந்தபிறகும் விற்கிற ஒன்று இதுதான், அதுவும் கிராமங்களில். ஒரு பாட்டுப்புத்தகம் வருடத்துக்கு 52 ஞாயிறும், வீட்டு ஜெபமும், துக்க வீடும் பார்க்கும். அதைப் பெர்பெக்ட் பைண்டிங்கில் (முதுகைப் பசையால் மட்டும் ஒட்டும் முறை) போட்டால் பசை வெடித்து ஆறு மாதத்தில் நடுப்பக்கம் கையோடு வரும். 16 பக்கக் கட்டுகளாக மடித்து, நூலால் தைத்து, அதன் மேல் ரெக்சின் அட்டை போடச் சொல்லுங்கள். மாதிரி ஒன்றை வாங்கி நடுவில் 180 பாகை விரித்து மேசையில் வையுங்கள். தானாக மூடிக்கொண்டால் தாளின் இழை முதுகுக்குக் குறுக்கே போயிருக்கிறது. இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும்.

எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கண்ணாடி போட்டவர்கள். பழைய பாட்டு எண்களைத் தொடவே தொடாதீர்கள். பாதிச் சபையிடம் பழைய பதிப்பு இருக்கும். போதகர் "147" என்றதும் ஆளுக்கொரு பாட்டைத் திறந்தால் அந்தப் பதிப்பு அன்றோடு முடிந்தது. நீக்க வேண்டிய பாட்டு இருந்தால் எண்ணை வெறுமையாக விட்டு, புதுப் பாட்டுகளைக் கடைசியில் சேருங்கள். முதலடி அகராதி கட்டாயம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்களும் ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளும் அதிகம். அவர்களுக்கு அடிக்கடி பாடும் 60 பாட்டுகளை மட்டும் அவர்கள் படிக்கிற எழுத்தில் 64 பக்கப் பின் அடித்த கையேடாக, டிஜிட்டலில் 100 பிரதி போட்டுப் பாருங்கள்.

வசன காலண்டர்

பல சபைகளில் மற்ற நூல்களின் நஷ்டத்தைச் சுமப்பது இதுதான். சிவகாசியில் ஆடிப்பெருக்கோடு புது மாதிரிகள் வந்துவிடும். ஆவணிக்குள் வசனத் தொகுப்பை முடித்து ஆர்டர் கொடுங்கள். தீபாவளிக்குப் பிறகு போனால் மிஞ்சிய படம்தான் கிடைக்கும். பண்டிகைத் தேதிகளைப் போன வருடக் கோப்பிலிருந்து நகலெடுப்பதுதான் வழக்கமான விபத்து. 2027-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28. இவற்றை ஒருவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும். முன்பணம் வந்த எண்ணிக்கையோடு பத்து சதவீதம் மட்டும் கூட்டி அடியுங்கள். ஜனவரி பொங்கலுக்குப் பின் காலண்டர் வெறும் தாள்.

மாத இதழ்: எந்தச் சலுகை வேண்டும்?

1867-ம் வருட அச்சக, நூல் பதிவுச் சட்டத்தின் இடத்தில் 2024 மார்ச் 1 முதல் புதிய பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பொதுச் செய்தியோ அதன் மேல் கருத்தோ தாங்கி, குறிப்பிட்ட இடைவெளியில் வருவது பருவ இதழ். "தனிச்சுற்றுக்கு மட்டும்" என்று அட்டையில் போட்டுக்கொள்வது பதிவைத் தவிர்க்க நம் பழைய கவசம். அந்த வரி மட்டும் காப்பாற்றாது, உள்ளே என்ன இருக்கிறது என்பதே கணக்கு. தியானம், திருவழிபாட்டு அட்டவணை, பங்கு அறிவிப்பு என்று நிற்கும் மடல் வேறு. தேர்தல், சட்டம், ஊர்ப் பிரச்சினை என்று எழுதும் இதழ் வேறு.

பதிவு இணையவழியில்தான். தலைப்பும் பதிவும் ஒரே விண்ணப்பத்தில் போகின்றன. "நல்ல மேய்ப்பன்" போன்ற தலைப்பு ஏற்கெனவே போயிருக்க வாய்ப்பு அதிகம், ஊர்ப் பெயரைச் சேர்த்து இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவானால் அஞ்சலில் சலுகைக் கட்டணத்துக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். அதற்கு உண்மையான சந்தாதாரர் பட்டியல் வேண்டும், இதழ் 31 நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. எடையையும் பாருங்கள்: டெம்மி நான்கில் (டெம்மி எட்டைப்போல் இரு மடங்கு பக்க அளவு) 60 ஜிஎஸ்எம் தாளில் 16 பக்கம் ஏறத்தாழ 29 கிராம், 24 பக்கம் 43. கிறிஸ்துமஸ் மலரை 28 பக்கமாக்கினால் 50 கிராம் படியைத் தாண்டிவிடும்.

பெரும்பாலோர் கவனிக்காத பொறி ஒன்று இதில் உண்டு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், அதாவது எஃப்சிஆர்ஏ, பதிவு பெற்ற செய்தித்தாளின் உரிமையாளர், ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகியோர் வெளிநாட்டு நன்கொடை பெறுவதைத் தடுக்கிறது. வெளிநாட்டு நிதி வாங்கும் அறக்கட்டளையே இதழையும் பதிவு செய்தால் சில காசு அஞ்சல் சலுகைக்காகப் பெரிய வாசலை மூடியதாகிவிடும். 2025 மே அறிவிப்புப்படி, எஃப்சிஆர்ஏ பதிவு கேட்கும் அமைப்பு செய்திமடல் நடத்தினால் அது செய்தித்தாள் இல்லை என்று பதிவாளரின் சான்றும் தேவை. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றவும் முடியாது. மறைமாவட்டம் வாங்கிப் பதிப்பகத்துக்குக் கொடுக்கும் பழைய ஏற்பாடு செல்லாது. பட்டயக் கணக்காளரிடம் இதை முதலில் பேசிவிட்டுப் பிறகு தலைப்பைத் தேடுங்கள்.

சந்தாவை ஜூன், ஜூலையில் கேளுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய்க் காசு கையில் புழங்கும் நேரம் அது. அறுப்பின் பண்டிகை இரண்டாவது வாய்ப்பு.

நூலை அனுப்புவது

பழைய புக் போஸ்ட் 2024 டிசம்பரில் நின்றுபோனது. இப்போது நூல்களுக்கு 2025 மே 1-ல் தொடங்கிய ஞான் போஸ்ட்: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. நூலில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். மாத இதழை இதில் அனுப்ப முடியாது. நாம் பார்த்த 96 பக்க நூல் அட்டையோடு சுமார் 117 கிராம். இரண்டு பிரதியும் உறையும் 300-க்குள் அடங்கும். ஆகவே இரண்டாகக் கேட்பவருக்கு அஞ்சல் செலவு மாறாது என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள். விற்பனைக்கு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் போடும் மேசையே இன்றும் முதலிடம். அங்கே 40 தலைப்பு பரப்பாதீர்கள். ஆறு போதும், அதில் ஒன்று புதிது. பக்கத்தில் கியூஆர் அட்டை இருக்கட்டும். சில்லறை இல்லை என்று திரும்பிப் போகிறவர்கள் நிறைய.

மின்னூல் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தியான நூலை விற்பதைவிட, நாளுக்கு ஒரு பக்கம் வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கடைசியில் அச்சு நூலுக்கு முன்பதிவு கேட்பது பலன் தருகிறது. ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) இலவசம், டெல்லியிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமையில் இணையவழி வாங்கலாம். காசு கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை.

மூடத்தான் வேண்டும் என்றால்

இத்தனை கணக்கும் போட்டு, மூடுவதே சரி என்று வந்தால் முறையாக மூடுங்கள். சந்தா மீதியைத் திருப்பிக் கொடுங்கள் அல்லது அதற்கு நூல் கொடுங்கள். எழுத்தாளர்களுக்கு உரிமையைத் திருப்பித் தரும் கடிதம் அனுப்புங்கள். இல்லாவிட்டால் அவர்களாலும் வேறிடத்தில் போட முடியாமல் நூல் செத்துவிடும். 1954-ம் வருடச் சட்டப்படி ஒவ்வொரு நூலும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போயிருக்க வேண்டும். போகாதவற்றை இப்போதாவது அனுப்புங்கள். எடுத்து வைத்த 20 பிரதியிலிருந்து இரண்டிரண்டு சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கும், கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரிக்கும் கொடுக்கக் கேட்டுப் பாருங்கள். திருத்தக்கூடிய கோப்பு, பிடிஎஃப், எழுத்துரு, உரிமைக் கடிதத்தின் படம் நான்கையும் ஒரே கோப்புறையில் போட்டு மூன்று இடத்தில் வையுங்கள்: மறைமாவட்ட அல்லது சினாட் (திருச்சபைப் பேரவை) அலுவலகம், கூகுள் டிரைவ், ஒரு ஹார்ட் டிஸ்க். அந்த டிஸ்க்கின் மேல் நூல்களின் பெயரையும் கடவுச்சொல் யாரிடம் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். வருடம் ஒருமுறை, திருவருகைக் கால முதல் ஞாயிறன்று, அதைச் செருகித் திறக்கிறதா என்று பாருங்கள்.